நிலம் மட்டும் அவர்களுடையது

எதெல்வினா கிலோத்ரானின் பீர்க்கடை தரையை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றே உருளைக்கிழங்கு விலையும் ஏறியதால் எங்கள் ஊரான லாஸ் மைத்தெனெஸில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. பின்பக்கம் பீர் நுரைக்கும் கொப்பரைகள், முன்பக்கம் நான்கு குழாய்கள், ஒரு நீள மேசை, அவ்வளவுதான் கடை. ஆனால் மலையடிவாரத்தில், பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் கொடி பயிரிடும் எங்களுக்கு அவள் காய்ச்சும் கறுப்பு பீர்தான் பாதிச் சாப்பாடு. தலைநகரத்து பீர்க் கம்பெனி ஒன்று கடையை விலைக்குக் கேட்டது. அவள் மறுத்ததும், அடியிலிருந்த நிலத்தை அதன் சொந்தக்காரரிடம் வாங்கிக்கொண்டு இடத்தைக் காலி செய்யச் சொன்னது. மானங்கெட்ட வேலை, வேறென்ன சொல்ல?

கோர்ட்டு அமீனா பெரால்தா உத்தரவோடு வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், எதெல்வினா கோபத்தில் கொப்பரைகளின் காற்றுப்போக்கிகளை எல்லாம் இறுக அடைத்துவிட்டாள். வாயு எங்கேயாவது போக வேண்டுமே? கட்டடம் ஒருமுறை முனகி, குடித்துக்கொண்டிருந்தவர்களோடு முழங்கால் உயரம் எழும்பி நின்றது. ஒரு கோப்பைகூடச் சிந்தவில்லை.

"எறக்குங்கம்மா, நிலம் கம்பெனியோடது," என்றார் பெரால்தா.

"நிலந்தானே? தாராளமா எடுத்துக்கச் சொல்லுங்க. நான் அதுல காலை வெச்சிருக்கேனா, குனிஞ்சு பாருங்க!"

பெரால்தா நேர்மையான மனிதர். குனிந்து பார்த்தார். நிலம் காலியாக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கம்பெனி விடவில்லை. வழக்குப் போட்டது, கடை ஓர் ஆள் உயரம் ஏறியது. தண்ணீரை நிறுத்தியது, கடை நெட்டையான பாப்லர் மரங்களின் உச்சிக்கு ஏற, எதெல்வினா ஜன்னல் வழியே மேகத்தில் வாளியை முக்கிக்கொண்டாள். நாங்கள் ஏணி கட்டினோம். இப்படியே பல வருடங்கள் போயின. கடைசியில் கம்பெனி மேலாளரே வந்து, அண்ணாந்து பார்த்துக் கத்தினார்: "வாடகையே வேணாம், எறங்கி வாங்கம்மா! ஒரே ஒரு குழாய்ல எங்க பீரை வித்தாப் போதும்!"

ஏணி ஏறி மூட்டு தேய்ந்த எங்களில் சிலருக்கே சபலம் தட்டியது. எதெல்வினாவுக்கும் மண்ணில் நடக்க ஆசை இருந்தது. அதை அவள் மறைத்ததில்லை. ஜன்னலில் சாய்ந்து கீழே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு குழாயிலயும் என் பீருதான் சார் வரும். தாகமா இருந்தா மேல வாங்க, ஒண்ணு ஊத்தித் தரேன்!"

அவர் ஏறவில்லை. வயிற்றெரிச்சலில் கம்பெனி எதெல்வினாவின் கடைக்கு நேர் கீழேயே மூன்று மாடியில் தன் பீர்க்கடையைக் கட்டியது. நல்ல கெட்டியான கட்டடம், குறை சொல்ல முடியாது. தினமும் சாயங்காலம் உள்ளே நுழைந்து, குழாயடியில் ஈ ஓட்டுகிறவருக்கு வணக்கம் வைத்துவிட்டு, அவர்கள் படிக்கட்டிலேயே மொட்டைமாடிக்கு ஏறுகிறோம். ஏணியை இப்போது அங்கேதான் ஊன்றியிருக்கிறோம். ஏணியில் ஏறும் உயரம் பாதியாகக் குறைந்துவிட்டது.