ஏற்றதாகக் கருதப்படும்

மணி நாலு இருபது.

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். கேட்காமலே மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அவர் அவளுடைய அக்காவின் கணவர். இந்த ஆயத்த ஆடை ஆலைக்கு ரப்பர் நீராவிக் குழாய் செய்து தரும் சப்ளையர். அவள் இதே ஆலையின் கொள்முதல் அதிகாரி; ஒப்பந்தங்களை எழுதுகிறவளும் அவள்தான்.

"என்ன வக்கீலம்மா, டீ கூடக் கிடையாதா?"

"டெஸ்ட் ரிப்போர்ட் பாத்தீங்களா, அத்தான்?"

"பாத்தேன். அஞ்சுல ஒண்ணு. மத்த நாலும் கல்லு மாதிரி நின்னுச்சே, அதப் பத்தி ஒரு வார்த்தை உண்டா?"

காலையில் ஸ்டோர் கீப்பர் அவள் கண் முன்னால்தான் ஐந்து மாதிரிக் குழாய்களில் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கூட்டினார். கடைசிக் குழாயில், முனையை இறுக்கும் இரும்புப் பூணை ஒட்டி, ரப்பர் தவளையின் தொண்டைபோல் உப்பியது. ஸ்டோர் கீப்பர் வால்வை மூடிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"ஏன் உப்புச்சு?"

அத்தான் கதவைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது.

"பூண் அமுக்கற அச்சு தேஞ்சு போச்சு. புது அச்சு போடணும். இந்த பில்லு பாஸானா மொத வேலை அதுதான்."

"அப்ப எல்லாமே அந்த அச்சுல அமுக்கினதுதான்."

"நல்லா மடக்கற. உங்கக்கா சும்மா சொல்லல."

கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. மாதிரியில் ஒன்று தேறாவிட்டாலும் மொத்தச் சரக்கும் திரும்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். திரும்பினால் கெடு தவறும். கெடு தவறினால் அவர் ஆலைக்குக் கொடுத்த பேங்க் கேரண்டி பறிபோகும். அந்தக் கேரண்டிக்கு ஈடாக அக்காவின் வீட்டுப் பத்திரம் பேங்கில் இருந்தது. பத்திரம் வைத்த அன்று அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "இனிமே எங்க கூரை உன் கையிலதாண்டி."

"பொய்க் கையெழுத்துப் போடுன்னு நான் கேக்கல," என்றார் அத்தான். "ஒண்ணுமே போட வேணாம். அஞ்சு மணி வரைக்கும் சும்மா இரு. அவ்வளவுதான்."

சரக்கு வந்த மறுநாள் மாலை ஐந்துக்குள் எழுத்தில் நிராகரிக்காவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும். சரக்கு வந்தது நேற்று. அந்த விதியை அவருக்காகவே அவள் சேர்த்திருந்தாள். வேறொரு கம்பெனி அவர் சரக்கை வேண்டும் என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் மாதக்கணக்கில் வெயிலில் போட்டிருந்தது. அந்த அலைச்சலைப் பார்த்துவிட்டு, முதலாளியோடு மல்லுக்கு நின்று வாங்கிய விதி. அடுத்த விதியும் அவள் எழுதியதே. நிராகரிப்புக் கடிதம் சப்ளையரின் கையில் சேர வேண்டும். மெயில் செல்லாது.

"இன்னிக்கே இஸ்திரிக் கூடத்துல மாட்டிடுவாங்க, அத்தான். பொம்பளைங்க மூஞ்சிக்கு நேரா தொங்கற பைப்பு அது."

"ஒரு மாசம் தாங்கும். அதுக்குள்ள ஒண்ணொண்ணா மாத்தித் தந்துடறேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்."

"தாங்கலேன்னா?"

"நல்லதையே நினைக்க மாட்டியா நீ?"

அவள் கையெழுத்துப் போட்டாள். கடிதத்தை நீட்டினாள். அத்தான் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எனக்குக் கை ஒழியல."

எழுந்தார். முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவள் பின்னாலேயே இறங்கினாள். அவர் ஓடவில்லை. அவளும் ஓடவில்லை. ஸ்டோர் வாசலில் அவருடைய வேன் நின்றது. பக்கத்தில் ஸ்டோர் கீப்பரும், காலித் தள்ளுவண்டியோடு இஸ்திரிக் கூடத்து மேஸ்திரியம்மாவும்.

"மேடம், பைப்பு எப்பத் தருவீங்க? பழசையெல்லாம் கழட்டிப் போட்டாச்சு. ஷிப்டுக்கு வர்ற பொண்ணுங்க என் தலையத்தான் உருட்டுவாங்க."

"தருவாங்கம்மா," என்றார் அத்தான். "அஞ்சாகட்டும்."

வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியை ஏற்றினார். வெளியே போக அவளுடைய கேட் பாஸ் வேண்டும். அவருக்கும் போகிற அவசரம் இல்லை. உட்கார்ந்திருந்தால் போதும். கண்ணாடிக்கு உள்ளே அவர் போனில் யாரிடமோ பேசுவது தெரிந்தது.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவர் திரும்பவில்லை.

கையில் வாங்க மறுத்தால், இரு சாட்சிகள் முன் படித்துக் காட்டினாலே கடிதம் சேர்ந்ததாகும். அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தது. ஏமாற்றுக்காரர்களுக்காக எழுதியது.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. சாட்சி வேணும்."

ஸ்டோர் கீப்பர் தயங்கினார். "மேடம், அவர் உங்க..."

"அக்கா வீட்டுக்காரர். அதையும் சேத்து எழுதிக்குங்க."

மேஸ்திரியம்மா நகரவில்லை. "உங்க குடும்பச் சண்டையில நான் எதுக்கு?"

"இந்தப் பைப்பு வெடிக்கலாம். திருப்பி அனுப்பறேன். அவர் லெட்டர வாங்க மாட்டேங்கறார்."

மேஸ்திரியம்மா தள்ளுவண்டியைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள்.

"அப்ப இன்னிக்கு மேஜை ஓடாது."

"ஓடாது."

"நாளைக்கு?"

"தெரியல."

"வாய வாடகைக்குத்தான் எடுக்கணும், அவளுங்களுக்குப் பதில் சொல்ல. பேனாவக் குடுங்க."

அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று படித்தாள். பொருள், சோதனை, குறை, நிராகரிப்பு. வார்த்தை தடுக்கிய இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தாள். அத்தான் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். படித்து முடித்ததும் கடிதத்தை வைப்பரின் அடியில் செருகினாள். ஸ்டோர் கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினார். ஐந்தாகவில்லை.

கண்ணாடி மெதுவாக இறங்கியது. அத்தான் கடிதத்தைத் தொடவில்லை. போனை நீட்டினார். இவ்வளவு நேரமும் அந்த அழைப்பு துண்டிக்கப்படாமலே இருந்திருக்கிறது.

"ஏய், நீதானா?" அக்காவின் குரல். "கண்ணாடி வழியா ஒண்ணும் சரியாக் கேக்கலடி. எங்க, எனக்கும் ஒரு தடவ படிச்சுக் காட்டு."