கம்ப்யூட்டர் சூரியன்

நான் கம்ப்யூட்டரில் சூரியன் செய்கிறவள். என் கணவர் யாதகிரி ஃபோகஸ் புல்லர். கேமராவை ஒட்டி நின்று லென்ஸைத் திருகுவதும் துடைப்பதும் அவர் வேலை. வெயில் லென்ஸில் அடித்துப் படத்தில் வட்டமும் கீற்றுமாகச் சிதறாதபடி கறுப்பு அட்டை பிடித்துத் தடுப்பார். அதே சிதறலை நான் இல்லாத சூரியனுக்குப் போட்டுத் தருவேன்.

"நான் வெயில்ல காஞ்சு தடுக்கிறதை நீ ஏசியில உக்காந்து போடுற. நல்ல குடும்பம்!" என்பார்.

டைரக்டர் மார்க்கண்டேயுலுவின் படத்தில் நாயகி நிஜ வெயிலில் ஓடுகிறாள். அடுத்த ஷாட்டில் கோட்டையும் சூரியனும் நாங்கள் கம்ப்யூட்டரில் செய்தவை. இரண்டும் ஒட்டவில்லை. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்.

"இது கம்ப்யூட்டர் சூரியன், ஸ்வரூபா. சாயங்காலம் வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா கோட்டை மொத்தத்தையும் மும்பைக் கம்பெனிக்குக் கொடுத்துடுவேன்."

அந்தக் கோட்டையை விட்டால் என் பிள்ளைகளுக்கு வேறு வேலை கிடையாது. பிள்ளைகள் என்றால் என் டீம்.

படப்பிடிப்பில் இருந்த லென்ஸையே வரவழைத்து, இருட்டறையில் அதன் முன்னால் டார்ச்சை அசைத்துப் படம்பிடித்து, அதைப் பார்த்துச் செய்வதுதான் எங்கள் வழக்கம். லென்ஸை யாதகிரிதான் கொண்டுவந்தார், பளபளவென்று துடைத்து; வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துப் போய்விட்டார். வட்டங்களெல்லாம் அச்சு அசலாக அமைந்தன. ஆனால் நிஜ ஷாட்டில் சூரியனிலிருந்து சாய்வாக ஒரு மங்கல் கீற்று ஓடியது. கண்ணாடியில் பிசுக்கு இருந்தால்தான் வெளிச்சம் அப்படி இழுபடும்.

போனைப் போட்டேன். "ஏங்க, அன்னிக்கு லென்ஸை யாரு தொட்டது?"

"என்னைத் தவிர எவன் தொடுவான்?"

"அப்ப அதுல இருந்த அழுக்கும் உங்களோடதுதான்."

"அழுக்கா? என் லென்ஸ்லயா? வாயைக் கழுவு!" போனை வைத்துவிட்டார்.

அழுக்கு லென்ஸ் வைத்தவர் என்று பெயர் வந்தால் அடுத்த படத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? வெளியே சொல்லவும் முடியாது. கீற்றைக் கையால் வரைந்து பார்த்தேன். வரைந்தது வரைந்தது மாதிரியே இருந்தது. அழுகைதான் வந்தது.

மத்தியானம் யாதகிரி வந்து நின்றார். ஒரு கையில் லென்ஸ் பெட்டி, இன்னொரு கையில் பெசரட்டு, அதுதான் பாசிப்பயறு தோசை, ஒரு பொட்டலம்.

"டார்ச்சை எடு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பொட்டலத்தில் வடிந்திருந்த நெய்யில் கட்டைவிரலைத் தொட்டு, கண்ணாடியில் வைத்து, சட்டை நுனியால் அரைகுறையாக ஒரு இழுப்பு இழுத்தார். பெற்ற பிள்ளையை அடித்தவர் மாதிரி முகம் சுண்டிப்போயிற்று. டார்ச்சை அசைத்தேன். அதே கீற்று, அதே சாய்வு. அந்த மனிதர் மேல் எனக்கு வந்த ஆசையை என்னவென்று சொல்ல!

"டைரக்டர்கிட்ட சொல்ல மாட்டேங்க" என்றேன்.

சாயங்காலம் மார்க்கண்டேயுலு இரண்டு ஷாட்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் போடச் சொன்னார்.

"இதான்யா சூரியன்! எப்படிப் பண்ணே?"

"சாஃப்ட்வேர்தான் சார்."

"பொய் சொல்றா சார்." பின்னாலிருந்து யாதகிரி. "அது என் விரல். அன்னிக்குப் பெசரட்டு தின்னுட்டு அவசரத்துல கை கழுவாம லென்ஸைத் தொட்டுட்டேன். தப்பு என்னோடது. கோட்டையை இவகிட்டயே விட்டுடுங்க."

மார்க்கண்டேயுலு நாற்காலியைத் திருப்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோவ், அந்த வெளிச்சத்துக்காகத்தான்யா அந்த ஷாட்டையே வச்சேன். அதே மாதிரி வேணும்னு அப்புறம் நாள் பூரா எடுத்தேனே, ஒண்ணுலயும் வரலையே!"

"எப்படி சார் வரும்?" என்றார் யாதகிரி, தலையைக் குனிந்துகொண்டு. "நான்தான் துடைச்சுட்டேனே."