பெரணிப் படுக்கை

மலைச் சரிவில் பெரணிச் செடி மண்டியபோது அவள் புருஷன் தீ வைத்தான். வேண்டாம் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள், கேட்டால்தானே. புல்லெல்லாம் கருகிப்போனது. முழ ஆழத்தில் வேரோடிக் கிடந்த பெரணிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் மழைக்கே சுருண்ட முளைகளை நீட்டிக்கொண்டு முன்னைவிட இரண்டு மடங்காக எழுந்தது.

அவள் மட்டும் விடுவாளா? அறுத்துக் காயவைத்துத் தொழுவத்தில் பசு கறுப்பிக்குப் படுக்கையாகப் போட்டாள். காய்ந்த பெரணி செங்காவி நிறத்தில் மெத்தென்று இருக்கும்; எவ்வளவு ஈரத்தையும் குடித்துவிடும். அழுக்கானால் அதன் மேலேயே இன்னொரு கட்டு. கோடைதோறும் தீவனம் குறைந்தபோது கறுப்பி படுக்கையையே மென்றது. பசிக்குத் தின்கிறது, தின்னட்டும் என்று விட்டுவிட்டாள்.

கறுப்பியை வாங்கியதே மகளுக்காகத்தான். ஏழு வயதாகியும் சுண்டெலி மாதிரி இருந்ததால் அவளுக்குச் சுண்டெலி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பாக்கெட் பாலில் என்னத்தைக் கலக்கிறார்களோ என்று தாய்க்கு ஒரே பயம். மூன்று வருடமாகக் காலையும் மாலையும் டம்ளரும் கையுமாகச் சுண்டெலியைத் துரத்துவதே அவள் வேலை. குடித்து முடித்தால் "நல்ல பிள்ளை" என்று ஒரு முத்தம்.

இப்போது கறுப்பி இளைத்துக்கொண்டே வந்தது. அன்று காலை பால் கறந்து வைத்துவிட்டு மாட்டு டாக்டரை வரவழைத்தாள். அவர் கண் இமையை விலக்கிப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"மூத்திரம் எந்த நிறத்துல போகுது?"

"அது யாருக்கு சார் தெரியும்? விழுந்த உடனே படுக்கை இழுத்துக்கும். கை வச்சுப் பாருங்க, ஒரு சொட்டு ஈரம் இருக்காது." சொல்லும்போது அவளுக்குப் பெருமைதான்.

டாக்டர் பெரணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. வாசலில் இருந்த வெள்ளை வாளியை எடுத்துவந்து காத்திருந்தார். கறுப்பி வாலைத் தூக்கியது. வாளிக்குள் சிவப்பாக விழுந்தது.

அவள் மேலே கிடந்த பெரணியை வாரித் தள்ளினாள். அதன் கீழே கிடந்ததையும் தள்ளினாள். எது பெரணியின் நிறம், எது ரத்தம் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அடியில் சிமெண்டுத் தரை முழுக்கக் கறை ஊறியிருந்தது. ஈரமில்லை ஈரமில்லை என்று இதன் மேல்தானே இத்தனை நாள் பரப்பிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

"இதைத் தின்னா உள்ளுக்குள்ள புண்ணாயிடும்மா. வெளியில தெரியவே வருஷக்கணக்காகும்," என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "விஷம் பால்லயும் இறங்கும். இந்தப் பாலை யார் குடிக்கிறாங்க?"



சமையலறைக் கதவு திறந்தது. சுண்டெலி காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டியபடி ஓடிவந்தாள். மேலுதட்டில் பால் ஒட்டியிருந்தது.

"அம்மா, இன்னிக்கு நீ துரத்தவே வேணாம். நானே முழுசா குடிச்சுட்டேன்."

சொல்லிவிட்டு, முத்தத்துக்காகக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.