ஜிப் இல்லாத பை

1

ஒரு பையை வாங்கிவிட்டு, அதை மாட்டிக்கொண்டு கிளம்ப மனசு வராமல் எழுத உட்கார்ந்ததுதான் இந்தக் கதை. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

'சங்கரன்கோவிலின் காலை வெயில் தறிச் சத்தத்தோடு...' என்று முதலில் தொடங்கினேன். வேண்டாம். வெயிலில் தொடங்கினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். பையிலேயே தொடங்குகிறேன்.

2

நான் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறவன். வேலைக்குச் சைக்கிளில்தான் போவேன். ஹேண்டில்பாரில் மஞ்சள் துணிப்பை தொங்கும், உள்ளே சாப்பாட்டுத் தூக்கு. ஒரு காலத்தில் தெருவே அந்தப் பைக்குள் கை விடும். நான் நிறுத்தக்கூட வேண்டாம், மெதுவாகப் போனால் போதும். முருங்கைக்கீரை விழும், கல்யாணப் பத்திரிகை விழும், மருதப்பன் கடையில் கொடுக்கச் சொல்லி ஒரு சாவி விழும். அந்தக் காலைகள் இனித் திரும்பாது. (இந்த வரியை அடித்தேன். மனசு கேட்காமல் திரும்ப எழுதினேன்.)

இப்போது எல்லாரிடமும் வண்டி இருக்கிறது, போன் இருக்கிறது. பைக்குள் கை விட மிஞ்சியிருப்பது ஆறுமுகத்தாய் மட்டும்தான்.

3

ஆறுமுகத்தாய் தெரு முக்கில் பூக் கட்டி விற்பவர். அவருடைய மகன் கணேசன் எங்கள் கூடத்தில் தறி ஓட்டுகிறான். அவனாகப் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் தினமும் காலையில் ஒரு பணியாரப் பொட்டலம் என் பைக்குள் விழும். யாருக்கென்று அவர் சொல்ல மாட்டார். யார் கொடுத்தது என்று கூடத்தில் அதை எடுக்கிறவனும் கேட்க மாட்டான். நடுவில் நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி மிதித்துக்கொண்டு போவேன்.

[அவரைக் கொடுமைக்கார மாமியாராக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. பணியாரத்தை ஆறவிட்டு இலையில் கட்டுகிறவரை வைத்துக்கொண்டு என்ன கொடுமையை எழுத?]

போன வாரம் பொட்டலத்தில் பணியாரம் இல்லை. ஒரு வசம்பு வளையல் இருந்தது, பச்சைப்பிள்ளை கையில் போடுவது. கணேசனுக்குக் குழந்தை பிறந்த சேதி எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. அவன் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மை ஏதும் சொன்னாளா அண்ணாச்சி?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். தலையாட்டிவிட்டுத் தறிக்குப் போய்விட்டான்.

4

முதலாளி என் தலையில் ஒரு லேப்டாப்பைக் கட்டிவிட்டார். துணிப்பையில் தொங்கவிட்டால் என்றைக்காவது ரோட்டில்தான் கிடக்கும் என்று மனைவி அனுராதா ஒரே பிடியாக நின்றாள். சலாவுதீன் கடையில் தோளில் மாட்டும் ஜிப் பை வாங்கினோம். மழை உள்ளே போகாது. யார் கையும் போகாது.

பழைய பையையும் சேர்த்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்கிறீர்கள். அனுராதாவும் அதைத்தான் சொன்னாள். மாட்டலாம். பொட்டலம் போகும். அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் பொட்டலம் மட்டும்தான் போகும், ஒரு பேச்சு போகாது.

5

ஒரு முடிவு: புதுப் பை மட்டும். ஆறுமுகத்தாய் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார். மறுநாள் அவர் என் பக்கம் பார்ப்பதே இல்லை. [இதை எழுதின கையை ஒடிக்க வேண்டும்.]

இன்னொன்று: அதே புதுப் பை. அவர் கை ஹேண்டில்பாரைத் தேடி அந்தரத்தில் நிற்கிறது. நான் காலை ஊன்றி சைக்கிளை நிறுத்துகிறேன், முதல் தடவையாக. ஜிப்பில் கை வைத்துக்கொண்டு, யாருக்கு என்று கேட்கிறேன். அவர் வாயைத் திறந்து

இதற்குமேல் நான் எழுத மாட்டேன். அந்தப் பெயரை அவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு பையும் ஆணியில் தொங்குகின்றன. வேலைக்கு நேரமாகிவிட்டது. முக்கில் அவர் வந்து நின்றிருப்பார். எதை எடுக்கட்டும்?