பன்னிரண்டாவது பாட்டு

மருத்துவமனையில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "மூச்சை இழுங்க, அடக்குங்க… இப்ப விடலாம்." ஒரு நாளைக்கு அறுபது தடவை இதைச் சொல்வாள். வீட்டுக்கு வந்தால் ஒரு தடவை பேசக்கூட ஆளில்லை.

பழைய பிளேயர் நின்றுபோனதால், இருக்கிற முப்பது சிடியையும் எம்பி3 ஆக்கிப் போனில் போட்டுக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கடைசியாக எடுத்தது தம்பி கொடுத்த சிடி.

அதை அவள் கேட்டதே இல்லை. அப்பா போன பிறகு தம்பி வெகுதூரத்து வேலைக்குக் கிளம்பியபோது, "போறவன் போ, திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டாள். மனசில் இருந்தது பயம். வாயில் வந்தது கோபம். நமக்கெல்லாம் அப்படித்தானே வருகிறது! அவன் தானே பதிவு செய்த சிடியை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். மேல்பக்கத்தில், விளிம்பை ஒட்டி வளைத்து, பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தான்: "அக்கா, கடைசிப் பாட்டை மட்டுமாவது கேள்." வீம்புக்குக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் பிறந்தநாளுக்கு ஒரு வரி வாழ்த்து, அவ்வளவுதான்.

பதினொரு பாட்டும் சிக்கலில்லாமல் ஏறின. பன்னிரண்டாவது எட்டு சதவீதத்தில் நின்றது. டிரைவ் கர்ரென்று முனகியது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். மறுபடி எட்டு. என்னதான் சொல்லியிருப்பான்?

கீழ்வீட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. சிடியோடு இறங்கிப் போனாள். "என்னக்கா, டாக்டருக்கே காய்ச்சலா?" என்றார் கடைக்காரர்.

"நான் டாக்டர் இல்லப்பா, எலும்புக்குப் போட்டோ பிடிக்கிறவ."

அவர் தன்னுடைய இரண்டு டிரைவிலும் போட்டுப் பார்த்தார். "டிரைவ் மேல தப்பில்ல. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு. பாட்டு இருக்கிற பூச்சு மேல்பக்கத்துலதான்க்கா. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. உங்ககிட்டதான் பெரிய லைட்டு இருக்கே! இப்போதைக்கு வந்தவரைக்கும் எடுத்துத் தரேன்."

மறுநாள் எக்ஸ்ரே படம் பார்க்கும் விளக்குப் பெட்டியில் சிடியை வைத்தாள். விளிம்பில் அவன் எழுத்து வெளிச்சமாக எரிந்தது. பேனா அழுத்திய இடமெல்லாம் பூச்சு கிழிந்திருந்தது. கடைசிப் பாட்டு இருப்பதும் விளிம்பில்தான். கேள் என்று எழுதியே அதை அழித்திருக்கிறான். எத்தனையோ முறிவுகளைப் பார்த்த கண். இது இனி ஒட்டாது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

கிடைத்தது பதினான்கு வினாடி. நாற்காலி இழுபடும் சத்தம். தொண்டைச் செருமல். "அக்கா…" பிறகு நீளமாக மூச்சை இழுக்கிறான். அதோடு கரகரப்பு.

அன்று சாயங்காலமே போன் செய்தாள்.

"என்னக்கா, உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நீ குடுத்த சிடில கடைசில என்னடா இருந்துச்சு?"

"இப்பதான் கேக்குறியா?"

"கேக்க முடியலடா. எழுத வேற பேனா கிடைக்கலயா உனக்கு? குத்திக் கிழிச்சு வச்சிருக்கே."

சிரித்தான், கொஞ்சமாக. "உன் போன் வரும்னு ஒரு வருஷம் பார்த்தேன்க்கா. அப்புறம் விட்டுட்டேன்."

"நீ என்ன சொன்னேன்னு சொல்லுடா."

அவன் மூச்சை இழுத்தான். அதே நீளம். அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாபகம் இல்லக்கா. சத்தியமா. பாடினேனா திட்டினேனான்னுகூடத் தெரியல." பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "வேலை நேரம்க்கா, அப்புறம் பேசுறேன்."

பதினான்கு வினாடியைப் போனில் ஏற்றிக்கொண்டாள். பாட்டுக்குப் பெயர் என்ன என்று போன் கேட்டது. காலியாகவே விட்டாள்.

அடுத்த நாள் காலை, முதல் ஆளிடம், "மூச்சை இழுங்க, அடக்குங்க" என்றாள். பட்டனை அழுத்தினாள். அப்படியே நின்றுவிட்டாள். அந்த மனிதர் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கையை ஆட்டிய பிறகுதான் சுரணை வந்தது.

"ஐயோ, விடுங்க… இப்ப விடலாம்."