எட்டு மாதப் புகை

கேஸ்கே இரண்டாவது முறையாகக் கப்பலைக் கொளுத்திவிட்டாள்.

"பாத்து அழுத்தும்மா, கப்பற்படை லேப்டாப்," என்றார் வுப்போ மாமா. அப்பாவோடு வேலை பார்த்தவர்.

அடுத்த அறையில் அப்பா ரிங்க் சவப்பெட்டிக்குள் கிடந்தார். கப்பற்படை ஊரான டென் ஹெல்டரின் தகன மண்டபம் அது; அரை மணியில் இரங்கல் உரை. கேஸ்கேதான் பேச வேண்டும். காகிதத்தில் இதுவரை ‘அனைவருக்கும் வணக்கம்’ மட்டும் தேறியிருந்தது.

முப்பது வருடம் மாலுமிகளுக்குத் தீயணைக்கச் சொல்லிக்கொடுத்தவர் ரிங்க். ஓய்வு பெறுமுன் மென்பொருள்காரர்கள் மூன்று மாதம் அவரை ‘ஏன், ஏன்’ என்று துளைத்து, அவரைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மாலுமியை இந்த லேப்டாப்பின் தீப்பயிற்சித் திரைக்குள் இறக்கியிருந்தார்கள். பயிற்சிக்கு வருபவர்தான் தளபதி. முடிந்ததும் ‘ஏன்?’ என்ற பொத்தானை அழுத்தினால், தான் செய்ததற்கெல்லாம் மாலுமி காரணம் சொல்வான்.

வீட்டு ரிங்கிடம் அந்தப் பொத்தான் இல்லை. புற்றுநோயை எட்டு மாதம் மறைத்துவைத்தார். சாவதற்கு ஒன்பது நாள் முன்பு ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் சொன்னார்கள். ஏன் மறைத்தார்? அது தெரியாமல் என்னத்தைப் பேசுவது?

"இவனும் புகையப் பாத்துட்டு வாயத் திறக்க மாட்டான்," என்றார் வுப்போ. "தளபதியச் சோதிக்க உங்கப்பாவே வச்ச ஏற்பாடு."

மூன்றாவது முறையும் கப்பல் எரிந்தது. பொத்தானை அழுத்தினாள்.

‘தளபதிக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. நானே அணைத்துவிடலாம் என்று நினைத்தேன்.’

அந்த எட்டு மாதமும் கேஸ்கே விவாகரத்துக்காக வக்கீல் வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தாள்.

கீழே இன்னொரு வரி வந்தது: ‘தளபதி நிலவரம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.’

துக்கத்துக்கு வருபவர்களுக்கு வழக்கப்படி ஆளுக்கு ஒரு துண்டு என்று கறாராக வெட்டிய கேக் தட்டோடு அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன சொல்றாரு?"

"தப்பு என்மேலதானாம்."

"அப்ப சந்தேகமே இல்ல. அவரேதான்."

அம்மா போய்விட்டாள். வுப்போ தொண்டையைச் செருமினார்.

"பெட்டியத் தூக்கறவங்க வந்துட்டாங்கம்மா. லேப்டாப்ப மூடிடட்டா?"

"ஒரே நிமிஷம் மாமா."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நீலச்சட்டை மாலுமி வந்து சல்யூட் அடித்தான். அவன் கையை இறக்குமுன்பே கேட்டாள்: நிலவரம் என்ன?

‘சமையலறையில் புகை. என்னால் தனியாக முடியாது. ஆள் வேண்டும்.’

கேஸ்கே கப்பலில் இருந்த அத்தனை பேரையும் அனுப்பினாள்.