செல்லிக்கு வயதாகிறது

சாயத்தில் தோய்த்த பட்டு நூலைப் பிழிந்து பிழிந்து தேவசகாயத்தின் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. பட்டறை விட்டு வந்தாலும் கை சும்மா இருக்காது. செத்த பேட்டரி கட்டைகளுக்கு உயிர் கொடுப்பது அவன் பக்கத்தொழில். ஆணியால் துளை போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி, மெழுகை உருக்கி அடைத்து வெயிலில் வைப்பான். பிள்ளையார்பாளையத்தில் பாதி ரேடியோக்கள் அவன் கட்டையில்தான் பாடின.

தறிக்காரர் தணிகாசலம் கொண்டுவந்தது டேப் ரிக்கார்டர். எழுபத்திரண்டில் வந்துபோன சிங்கப்பூர் மச்சான் விட்டுப்போனது. அந்த மச்சான் அப்போது பதிவுசெய்த, தணிகாசலத்தின் மகள் செல்லியின் குரல் அதில் இருந்தது. ஏழு வயதில் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது.

"நாளெல்லாம் போட்டுக்கினே இருக்கேம்பா. புதுக் கட்டை வாங்கி மாளல. ரொம்ப நேரம் ஓடறாப்பல பண்ணிக் குடு."

பண்ணிக் கொடுத்தான்.

சில நாள் கழித்து அவர் மனைவி வடிவாம்பாள் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டாள். "இன்னாத்தப் போட்டுக் குடுத்த நீ? வந்து கேளு."

வெயில் இறங்கும் நேரம். தறி ஓடவில்லை. தணிகாசலம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, பெட்டியை மடியில் வைத்திருந்தார். பொத்தானை அமுக்கினார்.

"போதும் மாமா. நான் வெளையாடப் போவணும்."

தேவசகாயம் குனிந்து காதைக் கொடுத்தான். வார்த்தை செல்லியுடையது. சொன்ன குரலோ பிள்ளை பெற்று, உழைத்துக் களைத்த ஒரு பெண்ணுடையது.

"கட்டை எறங்கிடுச்சிண்ணா. வேகம் கொறைஞ்சா அப்படித்தான் வரும்."

"எறங்கல. வளர்றா. மொதல்ல வயசுக்கு வந்த கொரலு. அப்பறம் கல்யாணம் ஆனவ. ஓடட்டும், தொடாத." தணிகாசலம் சிரித்தார். "வெளையாடணுமாம், இந்த வயசுல!"

வடிவாம்பாள் வாசல்வரை கூடவே வந்தாள். "எம் பொண்ணு சின்னவ. இவ யாரோ. சாயங்காலமானா அடுப்பாண்ட நின்னுக்கினு போவணும், போவணும்ங்கறா. எனக்கு எம் பொண்ணக் குடு."

"புதுக் கட்டை போட்டா பழைய கொரலு தானா வந்துடும்கா. நான் தரேன்."

மறுநாள் தணிகாசலம் நூல் வாங்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியின் வயிற்றைத் திறந்தான். அவன் அடைத்த மெழுகு பிளந்து கிடந்தது. உப்புத் தண்ணீர் கசிந்து, தகடெல்லாம் பச்சை பூத்து, மோட்டார் வரை ஊறியிருந்தது. சுரண்டினான், துடைத்தான். புதுக் கட்டைகளைப் போட்டு அமுக்கியும் மோட்டார் திணறித் திணறித்தான் சுற்றியது.

பல் போன கிழவி ஒருத்தி பேசினாள். "நான்... வெளையாட... போவணும்."

வடிவாம்பாள் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "இதுக்கு மேலயும் வயசானா? மறுபடியும் செத்துடுவாளா?"

அவன் பொத்தானைத் தூக்கிவிட்டான். அப்புறம் மோட்டாரை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தான். கிழவி போகவில்லை. நாடாவை மாற்றிப் போட்டுக் கேட்க அந்த மாதிரிப் பெட்டி அவனுக்குத் தெரிந்த வேறு யாரிடமும் இல்லை.

தெருவில் பார்த்தால், மகளை வளர்த்துக் கொடுத்தவன் என்று தணிகாசலம் கையெடுத்துக் கும்பிடுகிறார். வடிவாம்பாள் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். தேவசகாயம் அவளுக்கு ஏழு வயதுப் பெண் ஒருத்தியைத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.